பதினான்காம் தேதிகளும் பதினாறு வகைகளும்: தென்கொரியக் காதல் நாள்களை முன்வைத்து ஓர் ஆளுமை ஆய்வு

முன்னுரை

காதலுக்கு நாள் குறிப்பதிலும் மனிதர்களை வகை பிரித்துப் பெயர் சூட்டுவதிலும் தென்கொரிய இளையோரை விஞ்சுவது கடினம். அங்கே பன்னிரண்டு மாதங்களிலும் 14-ஆம் தேதிக்கு ஒரு பெயர் உண்டு. பெரும்பாலானவை காதலர்களைக் கருதி வைத்தவை. சந்தித்த சற்று நேரத்திலேயே 'உங்கள் எம்பிடிஐ என்ன?' என்று ஆளுமை வகையைக் கேட்டுக்கொள்வதும் அதே இளையோரிடம் வழக்கமாகிவிட்டது. நான்கு எழுத்துகளில் வரும் விடையை வைத்து, எதிரில் இருப்பவர் பூங்கொத்தை விரும்புவாரா, திடீர் விருந்தை வெறுப்பாரா, காதல் தொடங்கிய நூறாவது நாளை மறந்துவிடுவாரா என்று கணித்துவிடுகிறார்கள்.

இந்தக் கணிப்புக்கு அடிப்படை உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காதல் நாள்கள் மீதான விருப்பு வெறுப்பை ஆளுமை வகைகள் எந்த அளவுக்கு விளக்குகின்றன? எங்கே அவை கைவிடுகின்றன? கைவிடும் இடத்தில் வேறு எது விளக்குகிறது?

கருதுகோள் இது: காதல் நாள் என்பது ஒற்றை நிகழ்வாகத் தோன்றினாலும் உண்மையில் பல கோரிக்கைகளின் தொகுப்பு. அவற்றுள் எந்தக் கோரிக்கை ஒருவருடைய இயல்போடு மோதுகிறதோ, அந்த மோதலே அவருடைய மனநிலையாக வெளிப்படுகிறது. எம்பிடிஐயின் பதினாறு வகைப் பட்டியல் ஒருவர் கொண்டாடும் பாங்கை ஓரளவு காட்டும். அவர் ஏன் வருந்துகிறார் என்பதைக் காட்டாது.

கொரியா ஆய்வுக் களமாகவும், ஜப்பான் அதன் தோற்றுவாயாகவும், அமெரிக்க உளவியல் ஆய்வுகள் சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

1. களம்: கொரியாவின் காதல் நாட்காட்டி

1.1 இறக்குமதியான நாள்

பிப்ரவரி 14 புனித வாலண்டைன் என்னும் மறைசாட்சியின் நினைவு நாள். அதைக் காதலோடு இணைத்த தொடக்ககால எழுத்துகளுள் முதன்மையானது, ஆங்கிலக் கவிஞர் சாசர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகள் இணை தேடுவதைப் பற்றி எழுதிய நெடுங்கவிதை. 1840-க்குப் பின் பிரிட்டனில் அஞ்சல் கட்டணம் ஒரு பென்னிக்கு இறங்கியதும் வாழ்த்து அட்டைகள் பெருகின. காதலை அறிவிக்கும் அட்டைகளோடு, வேண்டாதவரைக் கேலி செய்து பெயரில்லாமல் அனுப்பும் அட்டைகளும் விக்டோரியக் காலத்தில் நன்றாகவே விற்றன. நாளை வரவேற்பவரும் வெறுப்பவரும் தொடக்கம் முதலே உடன் இருந்திருக்கிறார்கள். 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து இந்நினைவை நீக்கியது. அதற்கு வெகு காலம் முன்பே நாள் கடைத்தெருவின் கைக்குப் போயிருந்தது.

கிழக்காசியாவுக்கு அது சாக்லேட்டின் வழியாக வந்தது. 1958-ல் மேரி சாக்லேட் நிறுவனம் தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் உள்ள இசேதான் பல்பொருள் அங்காடியில் வாலண்டைன் விற்பனை நடத்தியது. அன்று விற்றது மிகச் சொற்பம். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் 'பெண் ஆணுக்குச் சாக்லேட் தரும் நாள்' என்னும் ஜப்பானிய வடிவம் உறுதிப்பட்டது. வாங்கியதற்குத் திருப்பித் தர ஒரு நாள் வேண்டுமே என்று இனிப்பு வணிகர்கள் மார்ச் 14-ஐ 'ஒயிட் டே' என்று அறிவித்தார்கள். 1980-ல் அது முறையாகத் தொடங்கியது. இவ்விரு நாள்களும் அதே உருவில் கொரியாவுக்குச் சென்றன.

1.2 பெருகிய நாள்கள்

கொரியர்கள் பெற்றதைப் பெருக்கினார்கள். ஏப்ரல் 14 'கறுப்பு நாள்'. முந்தைய இரு மாதங்களில் எதுவும் கிடைக்காத தனியர்கள் கறுப்பு உடை அணிந்து, கறுப்பு அவரை விழுதில் புரட்டிய ஜஜாங்மியோன் நூடுல்ஸ் சாப்பிடும் நாள் அது. மே 14 ரோஜாவுக்கு, ஜூன் 14 முத்தத்துக்கு, ஜூலை 14 வெள்ளி மோதிரத்துக்கு, டிசம்பர் 14 அணைப்புக்கு என்று பட்டியல் நீள்கிறது. நடைமுறையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நாள்களே உயிரோடு இருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் பெயரளவில் நிற்பவை. 14-ஆம் தேதி வரிசைக்கு வெளியே நவம்பர் 11-ல் வரும் பெப்பெரோ நாள், பிப்ரவரி 14-க்கே போட்டி. லோத்தே நிறுவனம் 1983-ல் அறிமுகப்படுத்திய, சாக்லேட் பூசிய குச்சி பிஸ்கட்டே பெப்பெரோ. 11/11 என்ற எண்கள் நான்கு குச்சிகளைப் போல நிற்பதால் 1990-களில் பள்ளி மாணவிகளிடையே தொடங்கிய விளையாட்டு, நிறுவனத்தின் ஆண்டு அறுவடையாக வளர்ந்தது. கிறிஸ்துமஸ் மாலையும் அங்கே காதலர்களின் மாலைதான்.

1.3 நூறு நாள் கணக்கு

பொது நாள்களோடு சொந்த நாள்களும் உண்டு. குழந்தை பிறந்த நூறாவது நாளைக் கொண்டாடுவது கொரியரின் பழைய வழக்கம். காதலர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 'இன்று முதல் நாம் ஒன்று' என்று ஒப்புக்கொண்ட நாள் முதல் நாள். அதிலிருந்து 100, 200, 300 என்று எண்ணி இணை மோதிரம், கேக், பயணம் என்று கொண்டாடுகிறார்கள். இதற்கென்றே நாள் எண்ணும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாளை மறப்பது வேறு. செயலி எண்ணிச் சொல்லும் நாளை மறப்பது வேறு. பின்னதை மறதி என்று சொல்லி மன்னிக்க மனம் வருவதில்லை.

2. கருவிகள்: ஆளுமையை அளக்கும் மூன்று முறைகள்

2.1 பதினாறு வகைகள்

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலைப் பின்பற்றி, அமெரிக்கரான கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியது மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி, சுருக்கமாக எம்பிடிஐ. இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். நான்கு இருமைகள் அதன் அடிப்படை: புறமுகம் அல்லது அகமுகம் (ஈ, ஐ); புலனறிவு அல்லது உள்ளுணர்வு (எஸ், என்); சிந்தனை அல்லது உணர்வு (டி, எஃப்); தீர்மானம் அல்லது நெகிழ்வு (ஜே, பி). இவற்றின் சேர்க்கையே பதினாறு வகை.

கொரியாவில் இதற்கு முன்பே தளம் தயாராக இருந்தது. பிறந்த நேரத்தை வைத்து மணப்பொருத்தம் பார்க்கும் 'குங்ஹாப்' அங்கே பழையது. நம் பத்துப் பொருத்தத்தை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஜப்பானிலிருந்து இரத்த வகை ஆளுமைக் கோட்பாடு வந்தது. 1927-ல் ஃபுருகாவா தகேஜி முன்வைத்ததை 1970-களில் நோமி மசஹிகோ மக்களிடம் கொண்டுசென்றார். 2005-ல் 'என் காதலன் பி வகை' என்ற பொருளில் ஒரு கொரியத் திரைப்படமே வெளிவந்தது. அந்த இருக்கையில்தான் எம்பிடிஐ வந்து அமர்ந்தது. இளையோர் செய்துபார்க்கும் இலவச இணையச் சோதனை பெரும்பாலும் அதிகாரபூர்வ எம்பிடிஐ அன்று என்பதும், அதே எழுத்துகளைக் கையாளும் வேறொரு சோதனை என்பதும் குறிப்பிடத்தக்கவை.

ஆய்வாளர்கள் இதன்மீது வைக்கும் குறைகள் மூன்று. முதலாவது, மனிதர்கள் இரு குவியல்களாகப் பிரிவதில்லை. பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் ஒட்டி நிற்கும் இருவர் வெவ்வேறு வகை எனப் பெயர் பெற்றுவிடுகிறார்கள். இரண்டாவது, சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. மூன்றாவதே நம் தலைப்புக்கு முக்கியம். அடுத்த பிரிவில் வருகிறது.

2.2 ஐம்பெரும் கூறுகள்

இன்றைய ஆளுமை உளவியலின் பொதுமொழி ஐந்து கூறுகளால் ஆனது: புறமுகம், இணக்கம், ஒழுங்குணர்வு, புதுமை நாட்டம், மனக்கலக்கப் போக்கு. இதில் வகை கிடையாது. ஒவ்வொரு கூறிலும் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறார்கள். 1989-ல் மெக்ரே, கோஸ்டா ஆகிய இருவரும் எம்பிடிஐயை இந்த ஐந்தோடு ஒப்பிட்டார்கள். ஈ-ஐ புறமுகத்தோடும், எஸ்-என் புதுமை நாட்டத்தோடும், டி-எஃப் இணக்கத்தோடும், ஜே-பி ஒழுங்குணர்வோடும் பொருந்தின. மனக்கலக்கப் போக்குக்கு எம்பிடிஐயில் இணை இல்லை.

விடுபட்டது சாதாரணக் கூறு அன்று. கவலை, ஐயம், புண்படுதல், மனத்தளர்ச்சி ஆகியவற்றுக்கு எளிதில் ஆளாகும் போக்கு அது. 1995-ல் கார்னியும் பிராட்பரியும் திருமணங்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த 115 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஆளுமைக் கூறுகளுள் மணவாழ்வின் நிறைவின்மையோடு தெளிவாகத் தொடர்புற்றது இதுவே. கேட்பவர்க்குப் பாராட்டாகவே ஒலிக்கும் பதினாறு பெயர்களைத் தர விரும்பிய ஒரு கருவி இதை ஒதுக்கியதில் வியப்பில்லை. 'நீங்கள் எளிதில் கலங்குபவர்' என்று எழுதிக்கொடுத்தால் யார் அதைத் தன் சுயவிவரத்தில் போட்டுக்கொள்வார்கள்?

2.3 பிணைப்பு முறை

மூன்றாவது கருவி, குழந்தைக்கும் வளர்ப்பவருக்குமான உறவை ஆராய்ந்த ஜான் பௌல்பி, மேரி எயின்ஸ்வர்த் ஆகியோரிடமிருந்து வருகிறது. 1987-ல் ஹேசனும் ஷேவரும் இதைக் காதலுக்கு விரித்தார்கள். டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் 'காதல் வினாத்தாள்' வெளியிட்டு 620 பேரின் விடைகளைப் பெற்றார்கள். 56 விழுக்காட்டினர் உறுதியான பிணைப்பு உடையவர்கள். 25 விழுக்காட்டினர் நெருக்கத்திலிருந்து விலகுபவர்கள். 19 விழுக்காட்டினர் கைவிடப்படுவோமோ என்று பதறுபவர்கள். பின்வந்த ஆய்வாளர்கள் இம்மூன்று பெட்டிகளையும் கலைத்துவிட்டு, விலகல், பதற்றம் என்னும் இரண்டு அளவுகோல்களை வைத்தார்கள். எந்தத் திசையிலிருந்து தொடங்கினாலும் உளவியல் வகையை விட்டு அளவுக்கே வந்து சேர்கிறது.

3. காதல் நாள் முன்வைக்கும் கோரிக்கைகள்

ஆளுமையைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் நாளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 'காதலர் நாள் பிடிக்குமா?' என்ற கேள்வியே தெளிவற்றது. கொரிய நாட்காட்டியைக் கூர்ந்து நோக்கினால் ஐந்து கோரிக்கைகளைப் பிரித்துக் காணலாம்.

அ) வெளிப்படுத்தல். மனத்தில் உள்ளதைச் சொல்லாலோ பொருளாலோ குறித்த நாளில் காட்ட வேண்டும். நாளை உலகம் தேர்ந்தெடுக்கிறது. உணர்ச்சி அந்நாளில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆ) நினைவும் திட்டமும். தேதியை மறக்கக்கூடாது, உணவகத்தில் இடம் பிடிக்க வேண்டும், பரிசை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். நூறு நாள் கணக்கு முழுவதும் இந்தக் கோரிக்கையின் மேல் நிற்பது.

இ) பிறர் காணுதல். ஒரே மாதிரி உடை, இணை மோதிரம், சமூக ஊடகப் படம் ஆகியவற்றுக்குப் பார்ப்பவர் வேண்டும். இருவர் மட்டும் அறிந்த கொண்டாட்டம் இங்கே அரைக் கொண்டாட்டம்.

ஈ) கைம்மாறு. பிப்ரவரியில் வாங்கியவர் மார்ச்சில் திருப்பித் தர வேண்டும். ஜப்பானில் மூன்று மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

உ) ஒப்பீடு. ஒரே நாளில் எல்லோரும் பெறுவதால், யார் எவ்வளவு பெற்றார் என்பது தானாகவே அளவிடப்படுகிறது. பிறந்தநாளில் இந்தத் தொல்லை இல்லை.

ஒவ்வொரு நாளும் இவற்றை வெவ்வேறு விகிதத்தில் கேட்கிறது. பெப்பெரோ நாளில் ஒரு பொட்டலம் பிஸ்கட் போதும். நண்பருக்கும் ஆசிரியருக்கும்கூடக் கொடுக்கலாம். வெளிப்படுத்தலின் சுமை குறைவு. நூறாவது நாளில் ஒப்பீடு குறைவு. நினைவின் சுமை மிகுதி. ஒயிட் டேயில் கைம்மாறே எல்லாம். ஆகவே ஒருவருக்கு நவம்பர் 11 இனித்து மார்ச் 14 கசந்தால் அதில் முரண் இல்லை.

4. இயல்பும் கோரிக்கையும் சந்திக்கும் இடங்கள்

ஆளுமைக் கூறுகளையும் இந்தக் கோரிக்கைகளையும் பொருத்திப் பார்க்கும்போது சில எதிர்பார்ப்புகள் பிறக்கின்றன. கூறுகளின் வரையறையிலிருந்து தருக்க வழியில் பெறப்பட்டவை சில. நேரடி ஆய்வின் துணை உடையவை சில.

4.1 புறமுகமும் பிறர் பார்வையும்

அகமுகத்தார் காதல் நாளை வெறுப்பவர்கள் என்பது பரவலான எண்ணம். அவர்களுக்குச் சுமையாவது பெரும்பாலும் மூன்றாவது கோரிக்கை மட்டுமே: நெரிசலான உணவகம், உரத்த வாழ்த்து, படம் பிடித்துப் பதிவிடுதல். அதே நாளை வீட்டில் இருவராகச் சமைத்து உண்டு கழிக்கச் சொன்னால் எதிர்ப்பு தணிந்துவிடக்கூடும். வில்லியம் ஃபிளீசன் 2001-ல் காட்டியது போல, ஒரே மனிதர் ஒரு நாளைக்குள்ளேயே புறமுகமாகவும் அகமுகமாகவும் பலமுறை மாறி நடக்கிறார். 'ஐ' என்ற எழுத்து ஒருவர் பெரும்பாலும் எப்படி என்று சொல்லும். குறித்த ஒரு மாலையில் எப்படி என்று சொல்லாது.

4.2 ஒழுங்குணர்வும் நாள் எண்ணிக்கையும்

பயணத்துக்கு மணிவாரியாக அட்டவணை போடுபவரைக் கொரிய இளையோர் 'பவர் ஜே' என்று கேலியாக அழைக்கிறார்கள். நூறு நாள் கணக்கு இவர்களுக்காகவே செய்தது போன்றது. 'பி' எழுத்துக்காரர் தேதியை மறந்துவிட்டு, எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பூவோடு வந்து நிற்கக்கூடும். இதில் சச்சரவு எழுவது அன்பின் அளவு வேறுபடுவதால் அன்று. திட்டமிட்டு வருவதே அக்கறை என்று ஒருவரும், தானாகத் தோன்றி வருவதே உண்மை என்று மற்றவரும் நம்புவதால் எழுகிறது. பதினாறு வகைப் பேச்சு பயன்படும் இடம் இதுவே: சண்டையைக் குணத்தின் மீதான குற்றச்சாட்டாக்காமல் பழக்கங்களின் வேறுபாடாகப் பேச அது வழி தருகிறது.

4.3 இணக்கமும் கைம்மாறும்

2023-ஐ ஒட்டிக் கொரியாவில் பரவிய கேலிக் கேள்வி 'நீ டி-யா?'. வருத்தத்தைச் சொன்னவரிடம் ஆறுதல் கூறாமல் தீர்வு கூறுபவரைப் பார்த்துக் கேட்பது. காதல் நாளில் 'டி' எழுத்துக்காரர் 'இதே சாக்லேட் அடுத்த வாரம் பாதி விலை' என்று சொல்பவராகச் சித்திரிக்கப்படுகிறார். நகைச்சுவைக்கு அப்பால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்பிடிஐயின் நான்கு இருமைகளுள் ஆண்-பெண் வேறுபாடு தெளிவாகத் தெரிவது இந்த ஒன்றில்தான். ஆகவே 'டி', 'எஃப்' என்று பேசப்படும் பலவும் ஆண், பெண் பற்றிய பழைய எதிர்பார்ப்புகளே. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

இணக்கம் மிகுந்தவர் தனக்குப் பிடிக்காத நாளையும் மற்றவருக்காகக் கொண்டாடுவார். அது நல்லதா? 2005-ல் இம்பெட், கேபிள், பெப்லோ ஆகியோர் காதலர்கள் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதை ஆராய்ந்தார்கள். துணையை மகிழ்விக்க விட்டுக்கொடுத்தபோது உறவும் மனமும் நலம் பெற்றன. சண்டையைத் தவிர்க்க விட்டுக்கொடுத்தபோது இரண்டும் நலிந்தன. செயல் ஒன்றே, நோக்கம் விளைவை மாற்றிவிடுகிறது. பூங்கொத்தைப் பார்த்து நோக்கத்தைச் சொல்ல முடியாது. நான்கு எழுத்துகளைப் பார்த்தும் சொல்ல முடியாது.

4.4 புதுமை நாட்டமும் சடங்கும்

புதுமை நாட்டம் மிகுந்தவருக்கு ஆண்டுதோறும் அதே இதய வடிவப் பெட்டி சலிப்பூட்டுவது இயல்பு. இவர்கள் நாளை எதிர்ப்பதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் எதிர்ப்பது அதன் வார்ப்பை. தமக்கென ஒரு நாளைத் தாமே உருவாக்கிக்கொள்ளக்கூடியவர்களும் இவர்களே.

4.5 விலகும் பிணைப்பும் வெளிப்படுத்தலும்

இங்கே நேரடிச் சான்று உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சோப்பிக், வார்டெக்கர், எடல்ஸ்டைன் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பிப்ரவரி 14-ல் விடையளித்தோரையும் வேறு நாளில் விடையளித்தோரையும் ஒப்பிட்டார்கள். நெருக்கத்திலிருந்து விலகும் போக்கு மிகுந்தவர்கள் வாலண்டைன் நாளில் தம் உறவில் குறைந்த நிறைவையும் குறைந்த ஈடுபாட்டையும் தெரிவித்தார்கள். நெருக்கத்தைக் காட்டு என்று ஊரே வற்புறுத்தும் நாளில் அவர்கள் இன்னும் ஓரடி பின்வாங்குகிறார்கள். இவர்கள் அகமுகத்தாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கலகலப்பான பேச்சும் விலகும் மனமும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும். வகைப் பட்டியலை மட்டும் நம்பியவர் இத்தகையவரிடம் ஏமாந்துபோவார்.

4.6 மனக்கலக்கமும் ஒப்பீடும்

எளிதில் கலங்குபவருக்குக் காதல் நாள் ஒரு தேர்வு நாள். பரிசு சிறிதானால் அன்பு சிறிதோ. வாழ்த்து தாமதமானால் வேறு யாரோ. தோழிக்கு வந்தது ஏன் தனக்கு வரவில்லை. ஐந்தாவது கோரிக்கையான ஒப்பீடு இவர்களையே அதிகம் தாக்கும் என்று எதிர்பார்க்கலாம். இந்நாள்களால் மிகுதியாக வருந்தக்கூடிய இவர்களுக்குப் பதினாறு வகைகளில் தனி எழுத்து இல்லை. அவர்கள் தம் வருத்தத்துக்கு 'எஃப்' என்று பெயர் வைத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

5. நாள் உறவை மாற்றுகிறதா?

இக்கேள்விக்கு முக்கியமான விடை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மோர்ஸ், நியூபெர்க் ஆகியோர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. காதல் உறவில் இருந்த மாணவர்களை வாலண்டைன் நாளுக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் ஆராய்ந்து, ஆண்டின் பிற காலங்களில் ஆராயப்பட்டோரோடு ஒப்பிட்டார்கள். அந்த இரு வார இடைவெளியில் பிரிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக இருந்தது.

செய்தித்தாள்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுவதுண்டு. ஆய்வின் சாரம் அடுத்த வரியில் இருக்கிறது. நல்ல நிலையிலோ மேம்பட்டு வரும் நிலையிலோ இருந்த உறவுகளில் இந்த விளைவு தெரியவில்லை. முன்பே நலிந்திருந்த உறவுகளே முறிந்தன. நாள் புதிதாக விரிசலை உண்டாக்கவில்லை. இருந்த விரிசலை விரைவுபடுத்தியது. 'பிப்ரவரி 14-தான் எங்களைப் பிரித்தது' என்று சொல்பவர் தேதியைப் பழிசொல்லி ஜனவரியை மறந்துவிடுகிறார்.

6. ஆளுமைக்கு வெளியே

விருப்பு வெறுப்பை முழுதும் ஆளுமையின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. வேறு நான்கு காரணிகள் உண்டு.

6.1 கடமை. ஜப்பானில் காதலருக்குத் தரும் சாக்லேட் வேறு. அலுவலக ஆண்களுக்குப் பெண் ஊழியர்கள் தர வேண்டிய 'கிரி சோகோ' என்னும் கடமைச் சாக்லேட் வேறு. 2018 பிப்ரவரி 1 அன்று கோடைவா நிறுவனத்தின் ஜப்பான் கிளை, நிக்கெய் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இந்தக் கடமைச் சாக்லேட்டை நிறுத்தச் சொன்னது. சாக்லேட் விற்பவரே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு வெறுப்பு வளர்ந்திருந்தது என்றால், அதை ஊழியர்களின் அகமுகத்தால் விளக்க முடியாது.

6.2 பாலினம். அமெரிக்காவில் ஓட்னஸ், ரூத், மில்பர்ன் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, வாலண்டைன் பரிசு பற்றி ஆண்கள் கொண்டிருந்த இருமன நிலையை விவரிக்கிறது. கொடுப்பதில் மகிழ்ச்சியும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் ஒரே மனத்தில் இருந்தன. இருவேறு வகையினர் இல்லை, ஒருவருக்குள்ளேயே இரண்டும்.

6.3 பொருளாதாரம். 2011-ல் கொரிய நாளிதழ் ஒன்று பிரபலமாக்கிய 'சம்போ தலைமுறை' என்ற தொடர், காதல், திருமணம், பிள்ளைப்பேறு மூன்றையும் கைவிட்ட இளையோரைக் குறித்தது. வேலை உறுதியின்மையும் வீட்டு விலையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2023-ல் நாட்டின் மொத்தக் கருவுறுதல் வீதம் 0.72-க்கு இறங்கியது. இந்தப் பின்னணியில் ஏப்ரல் 14-ன் கறுப்பு நூடுல்ஸ் வெறும் வேடிக்கை அன்று. காதலிக்க விரும்பாதவர், காதலிக்கக் கட்டுப்படியாகாதவர் இருவரும் அந்த மேசையில் ஒன்றாக அமர்கிறார்கள். ஆளுமைச் சோதனை இவர்களை வேறுபடுத்திக் காட்டாது.

6.4 வரலாற்றுணர்வு. கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-குன், ஜப்பானிய அரசியல்வாதி இத்தோ ஹிரோபுமியைச் சுட்டுக்கொன்றதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட நாள் 1910 பிப்ரவரி 14. சாக்லேட்டை விட்டு அவரை நினைவுகொள்ளுங்கள் என்ற குரல் கொரியாவில் அந்நாளை ஒட்டி எழுவதுண்டு. நவம்பர் 11 அங்கே உழவர் நாளும்கூட. பிஸ்கட் குச்சிக்குப் பதில் அரிசி மாவில் செய்த நீண்ட 'கரேத்தோக்' உண்ணுங்கள் என்ற இயக்கமும் உண்டு. இந்த எதிர்ப்புகள் குணத்திலிருந்து எழுபவை அல்ல, கொள்கையிலிருந்து எழுபவை.

7. வகைப் பெயர் செய்யும் வேலை

அறிவியல் வலு குறைவாக இருந்தும் பதினாறு வகைகள் ஏன் நிலைக்கின்றன? அவை தருவது அளவீடு அன்று, சொல்வளம். முன்பின் அறியாத இருவர் அறிமுகச் சந்திப்பில் அமர்ந்து, 'எனக்குத் திடீர் விருந்து பிடிக்காது' என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். 'நான் ஜே' என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நேராகச் சொன்னால் முரட்டுத்தனமாகத் தோன்றுவதை எழுத்து நாகரிகமாக்கித் தருகிறது.

அதே எழுத்து ஒளிந்துகொள்ளவும் இடம் தருகிறது. 'நான் டி, எனக்கு இதெல்லாம் வராது' என்பவர் தன்னை விளக்கவில்லை. முயற்சியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்கிறார். 'அவர் பி, மறப்பார்' என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர் மூன்றாம் முறையாக மறக்கப்பட்டபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே விடுகிறார். வால்டர் மிஷெல் 1968-லேயே எச்சரித்தது இதைத்தான்: பொதுவான குணத்தைக் கொண்டு குறித்த ஒரு சூழலின் நடத்தையைக் கணிக்கும் ஆற்றல் நாம் நம்புவதைவிடக் குறைவு.

வகை கேட்பதைவிட நேரடியாகக் கேட்பது பயனுள்ளது என்பதற்கும் சான்று உண்டு. ஜினோ, ஃபிளின் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கொடுப்பவர்கள் தாமே யோசித்து வாங்கிய பரிசே உயர்ந்தது என்று எண்ணினார்கள்; பெறுபவர்களோ தாம் கேட்ட பொருள் கிடைத்ததையே அதிகம் பாராட்டினார்கள். 'கேட்டுக் கொடுத்தால் காதலா?' என்ற தயக்கம் கொடுப்பவரின் தயக்கமே.

முடிவுரை

இவ்வாய்வு வந்தடையும் முடிவுகள்:

1. காதல் நாள் மீதான மனநிலை ஆளுமையில் மட்டும் இல்லை; நாளில் மட்டும் இல்லை. குறித்த ஒரு கூறு குறித்த ஒரு கோரிக்கையைச் சந்திக்கும்போது அது பிறக்கிறது.

2. பதினாறு வகைகள் கொண்டாடும் பாங்கைப் பேச உதவும் சொற்கள். கணிப்புக்கு அவை போதா. நாளின் வலியோடு மிக நெருங்கிய மனக்கலக்கப் போக்கை அவை அளப்பதே இல்லை.

3. நெருக்கத்திலிருந்து விலகும் போக்கு பிப்ரவரி 14-ன் நிறைவின்மையோடு தொடர்புறுகிறது. அதற்கு ஆய்வுச் சான்று உண்டு.

4. நலமான உறவைக் காதல் நாள் கெடுப்பதில்லை. நலிந்த உறவை அது காப்பதுமில்லை.

5. கடமை, பாலின எதிர்பார்ப்பு, வருமானம், கொள்கை ஆகியவற்றால் எழும் வெறுப்பை ஆளுமைக் குறையாகக் கருதுவது பிழை.

கொரியத் தொடர்கள் வழியாக இந்த நாள்களும் இந்த எழுத்துகளும் தமிழ் இளையோரிடமும் வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். துணையின் நான்கு எழுத்துகளைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை, அதோடு நின்றுவிடாதீர்கள். வெளிப்படுத்தல், திட்டமிடல், பிறர் பார்வை, கைம்மாறு, ஒப்பீடு என்னும் ஐந்தில் எது இனிக்கிறது, எது உறுத்துகிறது என்று 14-ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நேராகக் கேட்டுவிடுங்கள்.